வேட்டை முடிந்த பிறகு...

திருத்தணி மலைப்படிகளில் ஏறிப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே வாழைப்பழத்தை வாங்குவது எளிது. மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கடினம். சுவரின் மீது சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும் குரங்கு, உங்கள் கவனம் ஒரு கணம் சிதறியதும் பையோடு பறித்துக்கொண்டு போய்விடும். இதில் ஓர் உயிரியல் விதி அடங்கியிருக்கிறது. உணவைத் தேடி அடைவது ஒரு வேலை. அடைந்த உணவைப் பிறர் பறிக்காமல் காப்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலை தெரியாத உயிருக்கு முதல் வேலையால் பயனில்லை.

சிங்கம் அடித்ததைக் கழுதைப்புலிக் கூட்டம் பறிக்கிறது. கழுதைப்புலி அடித்ததைச் சிங்கமும் பறிக்கிறது. சிறுத்தை தன் இரையை வாயில் கவ்விக்கொண்டு மரத்தில் ஏறுகிறதே, ஏன்? கீழே விட்டால் மிஞ்சாது என்று அதற்குத் தெரியும். இவற்றுக்கு நடுவே, நீண்ட கோரைப் பல்லும் கூர்நகமும் இல்லாத ஒரு விலங்கு, தனக்குக் கிடைத்த இறைச்சியை எப்படிக் காப்பாற்றியது? அந்த விலங்கு மனிதன்.

இந்தக் கேள்வியை நாம் போதிய அளவு கேட்பதில்லை என்பது என் கருத்து. ஆதி மனிதனைப் பற்றி நம் புத்தகங்களிலும் காட்சிக்கூடங்களிலும் உள்ள படங்களை நினைத்துப் பாருங்கள். கையில் ஈட்டியோடு நாலைந்து பேர் ஓடுகிறார்கள். எதிரே ஒரு பெரிய விலங்கு சாய்கிறது. அடுத்த படத்தில் எல்லோரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து உண்கிறார்கள். இந்த இரண்டு படங்களுக்கும் இடையில் வரவேண்டிய படம் எங்கே? அதுதான் கதையின் பெரும்பகுதி என்கிறேன் நான்.

இதைப் பேசத் திருத்தணிப் பக்கத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை. மழைக்காலத்தில் திருத்தணியை ஒட்டிப் பாயும் நந்தியாறு கொசஸ்தலையாற்றோடு சேருகிறது. அந்தக் கொசஸ்தலையாற்றுப் படுகையில், இதே திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகே அத்திரம்பாக்கம் என்ற சிற்றூர் இருக்கிறது. 1863 மே மாதம் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்த புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட், அதே ஆண்டு செப்டம்பரில் தம் தோழர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்துக்கு வந்தார். ஓடைக்கரையில் கைக்கோடரிகள் குவிந்து கிடந்தன.

அந்தக் கருவிகளின் வயது என்ன? நூறு ஆண்டுகளுக்கு மேல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோரின் குழு அங்கே பல ஆண்டுகள் அகழாய்வு நடத்தி, 2011-இல் விடையைச் சொன்னது. கல் தரைமேல் கிடக்கும்போது விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் அதில் சில கதிரியக்கத் தனிமங்களை உண்டாக்குகின்றன. கல் மண்ணுக்குள் ஆழப் புதைந்ததும் அந்த உற்பத்தி நின்று, ஏற்கெனவே உண்டானவை கணக்காகச் சிதையத் தொடங்கும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்தால், புதைந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று தெரியும். இப்படி அளந்ததில் வந்த வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள்; எப்படிப் பார்த்தாலும் 10 லட்சம் ஆண்டுகளுக்குக் குறையாது. அதே இடத்தின் மேலடுக்குகளில் கைக்கோடரி குறைந்து, மெல்லிய செதில் கருவிகள் பெருகுகின்றன. அந்த மாற்றம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்று 2018-இல் அதே குழு அறிவித்தது.

சரி, அந்த மனிதர்கள் எதை உண்டார்கள்? அத்திரம்பாக்கத்தில் எலும்புகள் மிஞ்சவில்லை என்றே சொல்லவேண்டும். கல்லாகிப்போன சில விலங்குப் பற்கள் கிடைத்தன. குதிரை இனத்துப் பல்லும், எருமை அல்லது காட்டுமாட்டு இனத்துப் பல்லும் அவற்றில் உண்டு. விலங்குகளின் குளம்பு பதிந்த தடங்களும் மண்ணடுக்கில் தெரிந்தன. ஆகவே பெரிய விலங்குகள் அங்கே திரிந்தன. கருவி செய்த மனிதர்களும் அங்கே வாழ்ந்தார்கள். இவ்வளவுதான் மண் சொல்லும் செய்தி. மீதியை நாம் அறிவைக் கொண்டு யோசிக்கலாம்.

ஒரு கணக்குப் போடுவோம். காட்டு எருமை ஒன்றின் எடை 700 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எலும்பும் தோலும் குடலும் போக 300 கிலோ இறைச்சி தேறும் என்போம். கூட்டத்தில் 25 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ. அப்படியானால் இந்த இறைச்சி 12 நாளைக்கு வரும். ஆனால் எருமை விழுந்தது இருப்பிடத்திலிருந்து வெகு தொலைவில். வலுவுள்ளவர் பத்துப் பேர் ஆளுக்கு 20 கிலோ சுமந்தாலும் ஒரு நடையில் 200 கிலோதான் போகும். மீதி 100 கிலோ? அதைக் காவலில்லாமல் விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது எலும்புதான் இருக்கும். காவலுக்கு ஆள் வைத்தால் சுமக்க ஆள் குறையும். பார்த்தீர்களா, வேட்டை முடிந்த அந்தக் கணத்திலேயே எவ்வளவு சிக்கலான கணக்கு பிறந்துவிட்டது!

இந்த இறைச்சிக்கு மூன்று வகைத் திருடர்கள் உண்டு.

முதல் திருடர்கள் தரையில் வருபவர்கள். நரி, செந்நாய், சிறுத்தை, கழுதைப்புலி. இரத்த வாடையும், விலங்கு விழும்போது எழுந்த ஓசையும் இவற்றுக்கு அழைப்பிதழ்கள். நம் பகுதியில் இவை இருந்தனவா என்று கேட்பீர்கள். திருத்தணி 1960 ஏப்ரல் 1-ஆம் நாள்தான் ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆனால் காட்டு விலங்குக்கு ஏது மாநில எல்லை? எல்லைக்கு அப்பால் கர்நூல் பகுதியிலுள்ள பில்லசுர்கம் குகைகளை 1884-ஐ ஒட்டி இதே புரூஸ் ஃபுட்டும் அவர் மகனும் தோண்டினார்கள். புலி, சிறுத்தை, கழுதைப்புலி, காண்டாமிருகம் ஆகியவற்றின் எலும்புகள் அங்கே கிடைத்தன. அவை அத்திரம்பாக்கத்தின் கீழடுக்குகளைவிடக் காலத்தால் மிகப் பிந்தியவை. ஆயினும் தென்னிந்தியக் காடுகளில் எத்தகைய போட்டியாளர்கள் திரிந்தார்கள் என்பதை அவை காட்டுகின்றன.

இரண்டாவது திருடர்கள் வானத்திலிருந்து வருபவர்கள். பிணந்தின்னிக் கழுகு மோப்பத்தை நம்புவதில்லை, கண்ணை நம்புகிறது. ஒன்று இறங்குவதைக் கண்டு மற்றொன்று இறங்கும். அதைக் கண்டு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஒரு பெருங்கூட்டமே கூடிவிடும். கூட்டம் பெரிதானால் ஒரு மாட்டின் உடலைச் சில மணி நேரத்தில் எலும்பாக்கிவிடும். கழுகுகள் வட்டமிடுவதைக் கண்டு கழுதைப்புலியும் ஓடிவரும். ஆக, வானத்துத் திருடன் தரைத் திருடனுக்கு வழியும் காட்டுகிறான்.

மூன்றாவது திருடன் கண்ணுக்குத் தெரியாதவன். அவன் பெயர் பாக்டீரியா. சூடும் ஈரமும் உணவும் கிடைத்தால் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன. 6 மணி நேரத்தில் 18 முறை இரட்டிக்கலாம். ஒன்றை 18 முறை இரட்டித்துப் பாருங்கள்: 2,62,144 வரும். சித்திரை மாத வெயிலில் கேட்கவே வேண்டாம். அதற்குள் ஈக்களும் வந்து முட்டையிட்டுவிடும். அடுத்த நாளுக்குள் புழு நெளியும். கழுதைப்புலியைக் கல்லெறிந்து விரட்டலாம். பாக்டீரியாவை எந்தக் கல்லால் விரட்டுவது?

இப்போது கைக்கோடரியைத் திரும்பப் பாருங்கள். ஓடும் எருமையைக் கையடக்கமான ஒரு கல்லால் வீழ்த்த முடியுமா? எனக்கு அது நம்பும்படியாக இல்லை. ஆனால் விழுந்த எருமையின் தடித்த தோலைக் கிழிக்கவும், மூட்டுகளைப் பிரிக்கவும், தசையை எலும்பிலிருந்து வழித்தெடுக்கவும் குவார்ட்சைட் கல்லின் கூர்விளிம்பு அருமையான கருவி. இக்கால ஆய்வாளர்கள் கைக்கோடரிகளைத் தாமே செய்து, இறந்த விலங்குகளை அவற்றால் அறுத்துப் பார்த்து இதை உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். பல் பலத்தால் கழுதைப்புலியை வெல்ல முடியாத மனிதன், வேகத்தால் வென்றான். அது வந்து சேர்வதற்குள் தொடையையும் தோளையும் பிரித்தெடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டான். கைக்கோடரி வேட்டைக் கருவி என்பதைவிட, வேட்டைக்குப் பிந்திய கருவி என்பதே பொருத்தம்.

இதற்குச் சான்று உண்டா? எலும்பு மிஞ்சிய இடங்களில் உண்டு. கல் கருவி எலும்பில் உராய்ந்தால் அடிப்பகுதி கூர்மையான மெல்லிய கீறல் விழும். விலங்கின் பல் பட்டால் அகன்ற பள்ளம் விழும். ஆப்பிரிக்காவில் டான்சானியாவின் ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கில் கிடைத்த, 18 லட்சம் ஆண்டு வயதுள்ள எலும்புகளில் கல்லின் கீறல்களும் பல்லின் தடங்களும் சேர்ந்தே இருப்பதை 1981-இல் ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் கண்டார்கள். இங்கிலாந்தின் தென்பகுதியில் பாக்ஸ்குரோவ் என்ற இடத்தில் ஏறத்தாழ 5 லட்சம் ஆண்டுக்கு முந்திய எலும்புகள் கிடைத்தன. அங்கே கல்லின் கீறல் கீழே இருக்கிறது. அதன் மேல் பல்லின் தடம் இருக்கிறது. இதன் பொருள் என்ன? மனிதன் முதலில் எடுத்துக்கொண்டான். விலங்குகள் மிச்சத்துக்கு வந்தன. இறைச்சியை அறுத்து முடிக்கும்வரை அவற்றை யாரோ தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள்! ஒரு கீறலும் ஒரு பள்ளமும் எது மேலே, எது கீழே என்று பார்த்தே இவ்வளவு பெரிய செய்தியைப் படிக்க முடிகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். "ஆதி மனிதன் வேட்டையாடவே இல்லை, பிற விலங்குகள் தின்று போட்ட மிச்சத்தைத்தான் பொறுக்கினான்" என்று அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் பின்ஃபோர்டு 1980-களில் வலுவாக வாதிட்டார். அப்படியானால் காப்பதற்கு அவனிடம் என்ன இருந்தது? இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஓல்டுவாய் எலும்புகளைப் பற்றிய விவாதம் இன்னும் முற்றும் ஓயவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சிங்கம் அடித்த இரையை மனிதன் பறித்தான் என்றே வைத்துக்கொள்வோம். சிங்கத்தை விரட்டவேண்டும், விரட்டிய பின் அது திரும்பாமல் பார்க்கவேண்டும், விரைந்து அறுத்துச் சுமக்கவேண்டும். தானே அடித்த இரையைக் காப்பதைவிட இது கடினம் அல்லவா? டான்சானியாவில் வாழும் ஹட்சா மக்கள், சிங்கமும் சிறுத்தையும் அடித்த இரையைக் கூட்டமாகச் சென்று கைப்பற்றுவதை ஆய்வாளர்கள் 1980-களில் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆக, வேட்டையாடினான் என்றாலும் சரி, பறித்தான் என்றாலும் சரி, காவல் என்ற வேலை மாறவில்லை. தனி ஆளால் அதைச் செய்ய முடியாது என்பதும் மாறவில்லை.

மூன்றாவது திருடனை என்ன செய்தார்கள்? பாக்டீரியா என்ற பெயர் தெரியாமலேயே அதை வென்ற மக்கள் பலர். இலங்கையின் வேடர்களைப் பற்றி ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். கண்டி அரசரின் ஆட்சியில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்தவர் அவர். 1681-இல் அவருடைய புத்தகம் வெளிவந்தது. வேடர்கள் மரத்தில் ஒரு பொந்து செய்து, அதில் தேனை ஊற்றி, இறைச்சியை இட்டு நிரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்களாம். பஞ்ச காலத்தில் திறந்து உண்பார்களாம்.

இதிலுள்ள விஞ்ஞானத்தைப் பாருங்கள். தேனில் நீர் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை; மீதி பெரும்பாலும் சர்க்கரை. அத்தகைய அடர்ந்த கரைசலில் விழுந்த பாக்டீரியாவின் உடலிலுள்ள நீர் வெளியே இழுக்கப்படுகிறது. அது பெருக முடியாமல் போகிறது. இதைச் சவ்வூடு பரவல் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். தேனின் அமிலத் தன்மையும் துணை செய்கிறது. களிமண் மூடி ஈயைத் தடுக்கிறது. வாடை வெளியே பரவாமல் காக்கிறது. வாடை பரவாததால் நரிக்கும் தெரியாது. ஒரே ஏற்பாட்டில் மூன்று திருடர்களுக்கும் பூட்டு!

நம் வீடுகளில் செய்யும் உப்புக்கண்டமும் இதே வேலையைத்தான் செய்கிறது. தேன் இருந்த இடத்தில் உப்பு. களிமண் இருந்த இடத்தில் வெயில். இறைச்சியைச் சிறு துண்டுகளாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்துக் காயவைப்பார்கள். காக்கையை விரட்ட ஒருவர் குச்சியோடு உட்கார்ந்திருப்பார். சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துப் பெண்கள் மீனைக் காயவைத்துப் பறவைகளை ஓட்டும் காட்சி பலமுறை வருகிறது. வலை வீசியவனுக்குக் கிடைத்த மீன், பறவை ஓட்டிய பெண்ணால்தான் அடுத்த வாரத்து உணவாயிற்று. புலவர்கள் இந்தக் காவலைப் பார்த்தார்கள், பாடினார்கள். நம் படம் வரைபவர்கள்தான் அதை விட்டுவிட்டார்கள்.

இது வெறும் படத்தைப் பற்றிய சச்சரவு என்று நினைக்காதீர்கள். ஈட்டியை மட்டும் வரைந்தால், "வலிமையால்தான் மனிதன் உயர்ந்தான்" என்ற எண்ணம் பிள்ளை மனத்தில் பதிகிறது. உண்மையில் வலிமையில் நாம் கழுதைப்புலிக்குக் கீழே. காவல் நிற்பது, முறை வைத்துச் சுமப்பது, நாளைக்கு வேண்டுமென்று இன்றே எடுத்துவைப்பது, சுமந்து வந்ததைச் சுமக்காதவருக்கும் பங்கிடுவது ஆகியவற்றில்தான் நாம் உயர்ந்தோம். இந்த வேலைகளில் முதியவருக்கும் இடமுண்டு, பெண்களுக்கும் இடமுண்டு, கல்லெறியத் தெரிந்த சிறுவருக்கும் இடமுண்டு. மனித குலத்தின் கதையை ஓடுகிற நாலு பேரின் கதையாகச் சுருக்குவது விஞ்ஞானமும் ஆகாது, நியாயமும் ஆகாது.

இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்று, அந்தப் பழைய போட்டியாளர்களின் இன்றைய நிலை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் வேட்டை குற்றம். இன்று இறைச்சியைக் காக்கக் கழுகை விரட்ட வேண்டியதில்லை. கழுகையே காக்கவேண்டிய நிலை. மாடுகளுக்கு வலி நீக்கக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்து, இறந்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1990-களில் தொடங்கி, சில இனங்களில் 100-க்கு 95-க்கும் மேல் அழிந்தன. 2006-இல் கால்நடைகளுக்கான அந்த மருந்து தடை செய்யப்பட்டது. கழுகு குறைந்த ஊர்களில் செத்த மாடு அழுகிக் கிடந்தது, தெருநாய் பெருகியது. திருடன் என்று நாம் விரட்டியவன் ஊருக்குத் துப்புரவுப் பணியாளனாகவும் இருந்தான் என்பது அவன் போன பிறகுதான் விளங்கியது.

மற்றொன்று, அந்தக் கற்கள். எலும்பு மிஞ்சாத நம் மண்ணில், 15 லட்சம் ஆண்டுக் கதையைச் சொல்லக் கல் ஒன்றுதான் சாட்சி. அந்தச் சாட்சியும் கிடந்த இடத்தில் கிடந்தால்தான் பேசும். எந்த அடுக்கில், எந்தக் கல்லுக்கு அருகில், எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது என்பதே அதன் வாக்குமூலம். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் அது வெறும் அழகான கல். திருவள்ளூர் மாவட்டத்தில் சவுடு மண்ணும் செஞ்சரளையும் அள்ளும் லாரிகள் ஓடுகின்றன. ஒரு லாரி மண்ணில் எத்தனை கைக்கோடரிகள் போகின்றனவோ, அள்ளுபவருக்கும் தெரியாது, கொட்டுபவருக்கும் தெரியாது. தொல்பொருள் உள்ள இடங்களை எல்லைக்கல் நட்டுக் குறித்து, அங்கே மண் எடுப்பதை அடியோடு நிறுத்தவேண்டும். வளர்ச்சி வேண்டாமா என்று கேட்பார்கள். சாலைக்குச் சரளை வேறிடத்திலும் கிடைக்கும். அத்திரம்பாக்கம் வேறிடத்தில் கிடைக்காது.

மாணவ நண்பர்களே, பள்ளிச் சுற்றுலாவாக நீங்கள் பூண்டிக்குப் போனால், அங்குள்ள தொல்பழங்கால அருங்காட்சியகத்தில் கைக்கோடரிகளைப் பார்க்கலாம். ஆற்றுப்படுகையிலோ வயல் வரப்பிலோ அப்படி ஒரு கல்லைக் கண்டால் எடுக்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், படம் பிடியுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் பிடித்தால் இன்னும் நல்லது. ஆசிரியரிடம் சொல்லித் தொல்லியல் துறைக்கு எழுதச் சொல்லுங்கள். வகுப்பில் ஆதி மனிதனை வரையும்படி ஆசிரியர் சொல்லும்போது, ஈட்டி எறிபவனோடு நிறுத்திவிடாதீர்கள். அறுக்கும் கையை வரையுங்கள். சுமக்கும் தோளை வரையுங்கள். இருட்டில் கழுதைப்புலியின் கண்கள் மின்ன, கையில் கல்லோடு விழித்திருக்கும் ஒரு பாட்டியையும் வரையுங்கள். ஏன் இப்படி வரைந்தாய் என்று யாராவது கேட்டால், கூட்டல் பெருக்கல் போட்டுக் காட்ட உங்களுக்கு இப்போது தெரியும்.